எந்த வாசல் யார் கண்ணில் பட வேண்டும்: வாடிக்கையாளர் முகவரிகளும் தொடர்பாளர் அனுமதியும்

கணியம்பாடிப் பக்கம் லைனிங் தோலும் இன்சோலும் செய்து கொடுக்கும் சிறிய தொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கிய வாடிக்கையாளர் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு ஆம்பூரில் இரண்டு தொழிற்சாலைகள், வாணியம்பாடியில் அப்பர் தைக்கும் இடம், ராணிப்பேட்டை சிப்காட்டில் கிடங்கு, சென்னை பெரியமேட்டில் அலுவலகம். சாம்பிள் ஜோடிகள் போய்ச் சேர வேண்டிய வெளிநாட்டு முகவரிகள் தனி. ஆட்கள் அதைவிட அதிகம். பர்ச்சேஸ் மேனேஜர், மெர்ச்சண்டைசர், ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு ஸ்டோர் கீப்பர், கணக்குப் பிரிவு, தரம் பார்ப்பவர்கள், இவர்களுக்கு நடுவே ஒரு பையிங் ஏஜென்ட்.

வாடிக்கையாளர் சேவை மென்பொருளுக்குள் இது அத்தனையும் ஒரே கணக்கின் கீழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில மென்பொருள்கள் அதை அக்கவுண்ட் என்கின்றன, சில கம்பெனி என்கின்றன. அதன் கீழ் தொடர்பாளர் பட்டியல் ஒன்று, முகவரிப் பட்டியல் ஒன்று. பெரும்பாலான இடங்களில் அந்தக் கணக்கைச் சேர்ந்த எவருக்கும் அந்தக் கணக்கின் எல்லா முகவரிகளும் தெரிகின்றன. யாரும் யோசித்து இப்படி வைக்கவில்லை. மென்பொருளை நிறுவிய நாளில் இருந்த அமைப்பு அப்படியே தொடர்கிறது, அவ்வளவுதான்.

விளைவைப் பாருங்கள். வாணியம்பாடி ஸ்டோர் கீப்பர் ஒரு புகாரைப் பதிவு செய்யப் படிவத்தைத் திறக்கிறார். முகவரிக் கட்டத்தைத் தட்டியதும் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு பெண் டிசைனரின் வீட்டு முகவரி கதவு எண்ணோடு வந்து நிற்கிறது. ஏஜென்டுக்கோ, தான் கைவைக்காத ஆர்டர்கள் எந்த வெளிநாட்டுக் கிடங்குக்குப் போகின்றன என்பது தெரிந்துவிடுகிறது. தோல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதன் கனம் தெரியும். யார் யாருக்கு எங்கே அனுப்புகிறார் என்பதே இங்கே பாதி வியாபாரம். அந்தத் தகவலை விலைப்பட்டியலைப் போலப் பாதுகாக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முகவரியைத் தனிப் பதிவாக வையுங்கள்

அனுமதியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் மென்பொருளில் முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கணக்குப் பக்கத்தில் ஒரே பெட்டிக்குள், ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்தாறு முகவரிகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தால் எந்த அனுமதியும் வேலை செய்யாது. பெட்டியைக் காட்டினால் எல்லாம் தெரியும், மறைத்தால் எதுவும் தெரியாது.

ஒவ்வொரு முகவரியும் தனிப் பதிவாக இருக்க வேண்டும். அதற்கு ஒரு வகை: பில் போகும் இடம், சரக்கு போகும் இடம், சாம்பிள் போகும் இடம், திருப்பி அனுப்பும் இடம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்ற குறிப்பும் வேண்டும். கணக்குக்கும் முகவரிக்கும் ஒரு இணைப்பு, தொடர்பாளருக்கும் முகவரிக்கும் இன்னொரு இணைப்பு. இந்த இரண்டாவது இணைப்பைத்தான் பெரும்பாலான அலுவலகங்கள் போடுவதே இல்லை. ஒருவர் எந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் எந்த வாசலில் நின்று வேலை பார்க்கிறார் என்பதையும் பதிந்தால் அனுமதி தானாகவே அதன்மேல் உட்காரும்.

சேல்ஸ்ஃபோர்ஸ், சர்வீஸ்நவ் போன்ற பெரிய மென்பொருள்களில் இப்படித் தனித்தனிப் பதிவுகளையும் அவற்றுக்கிடையே இணைப்புகளையும் வைக்க வழி இருக்கிறது. நம் ஊர்த் தயாரிப்புகளான ஜோஹோ டெஸ்க், 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் ஆகியவற்றிலும் கணக்கு, தொடர்பாளர் என்ற பிரிவு உண்டு. ஃப்ரெஷ்டெஸ்கில் ஒரு தொடர்பாளர் தன் டிக்கெட்டுகளை, அதாவது தான் பதிந்த புகார்களையும் கோரிக்கைகளையும், மட்டும் பார்க்கலாமா, கம்பெனியின் எல்லா டிக்கெட்டுகளையும் பார்க்கலாமா என்று தனியே குறிக்க முடியும். இந்த ஒரு தேர்வு முகவரிக்கும் முக்கியம். டிக்கெட்டுகளுக்குள்ளும் முகவரிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆளுக்கு ஓர் எல்லை வைக்கும் பழக்கம் கணியம்பாடிக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக சுகாதாரத் திட்டம் கணியம்பாடி ஒன்றியத்தின் கிராமங்களில் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. பிறப்பு, இறப்பு, கர்ப்பம், நோய் என வீடு வீடாகத் திரட்டிய தகவல் 1986 முதல் கணினியில் ஏறிவருகிறது. கிராமத்துப் பணியாளர், அவருக்கு மேல் சுகாதார உதவியாளர், அவருக்கு மேல் செவிலியர், பிறகு மருத்துவர் என்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கென ஒரு எல்லை. ஒரு கிராமத்துப் பணியாளர் தன் கிராமத்து வீடுகளைத்தான் பார்த்துக்கொள்கிறார். சேவை மென்பொருளிலும் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஆளின் எல்லையை முதலில் வரையுங்கள், மென்பொருளின் அனுமதிப் பக்கத்தைப் பிறகு திறக்கலாம்.

பார்ப்பது வேறு, தேர்வது வேறு, மாற்றுவது வேறு

முகவரி அனுமதி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன. முகவரியைப் பார்ப்பது ஒன்று. புகாரோ ஆர்டரோ பதியும்போது அந்த முகவரியைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. முகவரியைத் திருத்துவது, புதிதாகச் சேர்ப்பது, நீக்குவது மூன்றாவது. மூன்றையும் ஒருவர் கையில் கொடுக்க வேண்டிய அவசியம் மிக அரிது.

ஆம்பூர் ஸ்டோர் கீப்பருக்குத் தன் தொழிற்சாலை முகவரியைப் பார்க்கவும் தேர்ந்தெடுக்கவும் அனுமதி போதும். லோடு குறைந்து வந்தாலோ தோலில் வெட்டு இருந்தாலோ புகார் பதிய அவருக்கு வேறெதுவும் தேவையில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் பில் முகவரிகளையும் ஜி.எஸ்.டி. எண்களையும் பார்க்க வேண்டும், சாம்பிள் முகவரிகள் அவருக்கு வேண்டாம். மெர்ச்சண்டைசருக்குத் தான் கவனிக்கும் பிராண்டின் சாம்பிள் முகவரிகள் வேண்டும், மற்ற பிராண்டுடையவை வேண்டாம். தரம் பார்ப்பவர் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போகிறார். அவருக்கு முடிவுத் தேதியோடு அனுமதி கொடுங்கள். தேதி முடிந்ததும் தானே விலகிவிடும், யாரும் நினைவு வைத்து நீக்க வேண்டியதில்லை.

திருத்தும் உரிமை வாடிக்கையாளர் பக்கத்தில் இருவருக்கு மேல் வேண்டாம். ஒருவர் விடுப்பில் போனால் வேலை நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இரண்டாமவர். அந்த இருவரும் யார் என்பதை வாடிக்கையாளர் நிறுவனமே எழுத்தில் தர வேண்டும். நாமாகவே, "அவர்தானே எப்போதும் பேசுவார்" என்று ஒருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

தலைமை நிறுவனம், அதன் கீழ் கிளை நிறுவனங்கள் என்று கணக்குகள் அடுக்காக இருந்தால் ஒரு விதி பெரும்பாலும் பொருந்தும். மேலே இருப்பவர் கீழே உள்ள முகவரிகளைப் பார்க்கலாம். கீழே இருப்பவர் மேலேயும் பார்க்க வேண்டாம், பக்கத்துக் கிளையையும் பார்க்க வேண்டாம். இதற்கு விதிவிலக்குக் கேட்டால் பெயர், காரணம், முடிவுத் தேதி மூன்றும் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

மாவட்டம் பிரிந்த கதை

இந்தப் பகுதியில் மென்பொருளை நடத்துபவர்கள் சந்திக்கும் ஒரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, மேல்விஷாரம் ஆகியவை ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தன. கணியம்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வேலூரிலேயே இருக்கின்றன.

அஞ்சல் குறியீடு இதற்கெல்லாம் அசையவில்லை. ஆம்பூர் அன்றும் 635802, இன்றும் 635802. வாணியம்பாடி 635751, ராணிப்பேட்டை 632401. வருவாய் மாவட்ட எல்லை வேறு, அஞ்சல் பிரிப்பு வேறு.

பல அலுவலகங்களில் நடந்தது என்னவென்றால், பழைய முகவரிப் பதிவைத் திருத்தாமல் ‘திருப்பத்தூர் மாவட்டம்’ என்று புதிதாக ஒரு பதிவைப் போட்டார்கள். பழைய ஆர்டர்கள் ‘வேலூர் மாவட்டம்’ பதிவோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் அதையும் நீக்கவில்லை. இப்போது ஒரே கேட்டுக்கு இரண்டு பதிவுகள். வேலையை விட்டுப் போன ஒருவரின் அனுமதியைப் புதிய பதிவிலிருந்து எடுக்கிறோம். பழைய பதிவில் அது அப்படியே இருக்கிறது. வாடிக்கையாளர்கள் நுழையும் இணையப் போர்ட்டலில் நுழைந்தால் அதே கேட், அதே சாலை, அதே தொலைபேசி எண் அவருக்குத் தெரிகிறது. அனுமதியை எடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம்.

இதைச் சரிசெய்ய எளிய வழி உண்டு. முகவரிப் பட்டியலை அஞ்சல் குறியீட்டின்படி வரிசைப்படுத்துங்கள். மாவட்டப் பெயர் மாறியிருந்தாலும் குறியீடு மாறாததால் இரட்டைப் பதிவுகள் அருகருகே வந்து நிற்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள முகவரியோடு எது ஒத்துப்போகிறது என்று பார்த்து அதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதைச் செல்லாததாக்குங்கள், அழிக்காதீர்கள். அழித்தால் பழைய ஆர்டர்கள் எங்கே போயின என்பதற்கு ஆதாரம் இல்லாமல் போகும். செல்லாததாக்கிய பதிவின் தொடர்பாளர் இணைப்புகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். முக்கியமான படி அதுதான்.

சாலைப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவதும் இதே சிக்கலைத் தரும். ‘எம்.சி. ரோடு’, ‘எம் சி சாலை’ இரண்டும் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள்.

ஆள் போகிறார், எண் போவதில்லை

தோல் துறையில் மெர்ச்சண்டைசர்களும் டெக்னீஷியன்களும் ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் இடையே கம்பெனி மாறுவது சாதாரணம். நேற்று ஒரு வாடிக்கையாளருக்காகப் பேசியவர் நாளை அவர்களுடைய போட்டியாளருக்காகப் பேசுவார். மின்னஞ்சல் மாறும். கைபேசி எண் பெரும்பாலும் மாறாது.

ஆபத்து மென்பொருளின் ‘இரட்டைப் பதிவுகளை இணை’ என்ற வசதியில் இருக்கிறது. புதிய கம்பெனியில் அவருக்குத் தொடர்பாளர் பதிவு போடுகிறோம். அதே கைபேசி எண்ணைக் கண்ட மென்பொருள் இருவரும் ஒருவரா என்று கேட்கிறது. ஆம் என்று அழுத்துகிறோம், உண்மையும் அதுதானே. பழைய பதிவில் இருந்த முகவரி இணைப்புகள் புதிய பதிவோடு சேர்ந்துவிடுகின்றன. பழைய கம்பெனியின் கிடங்கு அவருக்குப் புதிய கம்பெனியின் பெயரில் திறக்கிறது.

ஆகவே கம்பெனி மாறியவரை ஒருபோதும் இணைக்காதீர்கள். பழைய பதிவை முடிவுத் தேதியோடு மூடுங்கள், போர்ட்டல் நுழைவை நிறுத்துங்கள், புதிய பதிவை வெறுமையாகத் தொடங்குங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருக்கிறதே என்று கணினிப் பிரிவு கேட்டால், இரண்டு வேலைக்கு இரண்டு பதிவு என்று சொல்லுங்கள்.

வேலையை விட்டவர் பற்றிய தகவல் நமக்குத் தானாக வராது. வாடிக்கையாளர் சொல்ல மறந்துவிடுவார். சாம்பிள் சீசன் முடியும் ஒவ்வொரு முறையும் தொடர்பாளர் பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்பி, யார் இன்னும் இருக்கிறார்கள் என்று பதில் வாங்குங்கள். பதில் வராத பெயர்களுக்குத் திருத்தும் உரிமையை உடனே எடுத்துவிடலாம். பார்க்கும் உரிமையைச் சில நாள் தவணை கொடுத்து எடுக்கலாம்.

பையிங் ஏஜென்டை எங்கே வைப்பது

ஏஜென்டை வாடிக்கையாளரின் தொடர்பாளராகச் சேர்ப்பதுதான் வழக்கமான தவறு. அவர் வாடிக்கையாளரின் ஊழியர் அல்ல, பல வாடிக்கையாளர்களுக்கு நடுவே நிற்பவர். அவருக்குத் தனிக் கணக்கு போடுங்கள். அவர் கொண்டுவந்த ஒவ்வொரு ஆர்டரோடும் அவரை இணையுங்கள், கம்பெனியோடு இணைக்காதீர்கள். ஆர்டர் முடிந்து பணம் வந்ததும் அந்த ஆர்டரின் முகவரி அவருக்குத் தேவையில்லை. ஏஜென்டுகள் இதைச் சில சமயம் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்வார்கள். "இவ்வளவு நாள் பழகினோம், நம்ம மேல நம்பிக்கை இல்லையா பாய்?" என்று கேட்பவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: அவர் கொண்டுவந்த ஆர்டரின் முகவரியும் வேறு எந்த ஏஜென்டுக்கும் தெரியாதபடி இதே ஏற்பாடுதான் காக்கிறது.

முகவரியை மாற்றச் சொல்லி வரும் கோரிக்கை

"அண்ணே, லோடு ஆம்பூருக்கு வேணாம், இன்னைக்கு மட்டும் வேற குடோனுக்கு விடுங்க, அட்ரஸ் வாட்ஸப்ல போட்டிருக்கேன்." இப்படி ஒரு அழைப்பு வராத டிஸ்பாட்ச் பிரிவு இருக்காது. பெரும்பாலும் உண்மையான தேவையாகவே இருக்கும். ஏமாற்றுக்காரர் பயன்படுத்துவதும் இதே வாசகத்தைத்தான்.

நடைமுறை இதுவாக இருக்கட்டும். கோரிக்கை எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே அதைச் சரிபார்க்கக் கூடாது. மின்னஞ்சலில் வந்தால் ஏற்கெனவே பதிவில் உள்ள கைபேசி எண்ணுக்கு நீங்கள் அழைக்க வேண்டும். மின்னஞ்சலின் அடியில் எழுதியிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. வாட்ஸப்பில் வந்தால் கம்பெனி மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், அவசரத்தில் கண்ணில் படாது. நம் பக்கத்தில் கோரிக்கையைப் பதிபவர் ஒருவர், ஒப்புதல் கொடுப்பவர் இன்னொருவர். மாற்றம் ஏறியதும் பழைய முகவரியின் பொறுப்பாளருக்கும் தானாகச் செய்தி போக வேண்டும். தவறான மாற்றமாக இருந்தால் முதலில் கூப்பிடுபவர் அவர்தான்.

முகவரி மாற்றத்தோடு வங்கிக் கணக்கு மாற்றமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் நிறுத்திவையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தாமதிக்காமல் அழையுங்கள்.

இதில் ஜி.எஸ்.டி. பக்கமும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். பில் ஒரு முகவரிக்கும் சரக்கு இன்னொரு முகவரிக்கும் போகலாம், இரண்டும் பில்லில் இருக்க வேண்டும். வாட்ஸப்பில் சொன்ன குடோனுக்கு வண்டி போய்க்கொண்டிருக்க, பில்லில் ஆம்பூர் இருந்தால் வழியில் அதிகாரிகள் 129ஆம் பிரிவின்கீழ் வண்டியை நிறுத்திவைக்க முடியும். ஜாப்வொர்க்குக்குப் போகும் தோலுக்கு இன்னொரு கட்டுப்பாடு. 143ஆம் பிரிவுப்படி அது ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். எந்த இடத்துக்குப் போனது என்ற பதிவு தவறானால் திரும்பி வந்ததை நிரூபிப்பது கடினம். அதனால் ஜாப்வொர்க் இடத்தின் முகவரியைத் திருத்தும் உரிமை கணக்குப் பிரிவுக்குத் தெரியாமல் யாரிடமும் இருக்கக் கூடாது.

முகவரி கசியும் பின்வாசல்கள்

அனுமதிப் பக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தும் முகவரி வெளியே போகும். நான் முதலில் தேடும் இடம் தானியங்கி மின்னஞ்சல். ‘உங்கள் புகார் பதியப்பட்டது’ என்ற செய்தியின் அடியில் கணக்கின் முழு முகவரியையும் அச்சிடும் வார்ப்புரு பல மென்பொருள்களில் இருக்கிறது. அதைத் திறந்து, அந்த டிக்கெட்டுக்கு உரிய முகவரி மட்டும் வரும்படி மாற்றுங்கள், முடிந்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள்.

அடுத்தது சிசி. ஒரு டிக்கெட்டில் யாரையாவது சிசியில் சேர்த்துவிட்டால் உரையாடல் முழுவதும் அவருக்கும் போகும். பழைய டிக்கெட்டுகளில் இணைத்த இன்வாய்ஸ் பிடிஎஃப்களில் முகவரி இருக்கும், எந்த அனுமதியும் அதற்குள் நுழைந்து மறைக்காது. தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து தட்டியதும் முகவரியைப் பரிந்துரைக்கும் வசதியைத் தொடர்பாளர் போர்ட்டலில் அணைத்துவிடுங்கள். பட்டியலை எக்செலாக இறக்கும் பொத்தானை நம் ஊழியர்களிலும் சிலருக்கு மட்டும் வையுங்கள். ஒருமுறை இறக்கிய கோப்பு எந்தப் பென்டிரைவில் எங்கே போகிறது என்று யாராலும் பின்தொடர முடியாது.

சட்டம் கேட்பது

கம்பெனியின் தொழிற்சாலை முகவரி தனிநபர் தகவல் அல்ல. ஒரு தொடர்பாளரின் பெயர், கைபேசி எண், சாம்பிள் போகும் வீட்டு முகவரி ஆகியவை தனிநபர் தகவல்கள். 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். யாருக்கு அனுமதி இருக்கிறது என்ற கட்டுப்பாடும், யார் எப்போது பார்த்தார் என்ற பதிவேடும் விதிகள் எதிர்பார்ப்பவை. அந்தப் பதிவேட்டை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். தன் தகவலைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமை அந்தத் தனிநபருக்கு உண்டு. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் 2018 மே 25 முதல் தங்கள் ஜி.டி.பி.ஆர். சட்டத்தின்கீழ் இதே போன்ற பாதுகாப்பைக் கேட்டுவருகிறார்கள். வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் தகவல் வைக்காதே என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

நடைமுறையில், சாம்பிள் போய்ச் சேர்ந்ததும் வீட்டு முகவரியை நீக்கிவிடலாம். அடுத்த சீசனுக்கு வேண்டுமானால் அப்போது கேட்டு வாங்கலாம்.

செய்ததைச் சோதிப்பது

அனுமதிப் பக்கத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் கண்ணால் பாருங்கள். ஒவ்வொரு வகைத் தொடர்பாளருக்கும் ஒரு சோதனைப் பதிவு உருவாக்கி, அந்த நுழைவுச் சொல்லோடு வேறொரு கணினியில் உள்ளே போங்கள். புதிய புகார்ப் படிவத்தைத் திறந்து முகவரிக் கட்டத்தில் என்னென்ன வருகிறது என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ‘635’ என்று தட்டிப் பாருங்கள். பழைய டிக்கெட் ஒன்றைத் திறந்து இணைப்புகளைப் பாருங்கள். கைபேசிச் செயலியில் தனியாக ஒருமுறை பாருங்கள், கணினியில் மறைத்தது அங்கே தெரிவது உண்டு. இணைய முகவரியின் கடைசியில் உள்ள எண்ணை ஒன்று கூட்டிப் போட்டுப் பாருங்கள். வேறொருவரின் முகவரிப் பக்கம் திறந்தால் உங்கள் அனுமதி திரையில் மட்டும்தான் இருக்கிறது, தகவலின் மேல் இல்லை. அது மென்பொருள் நிறுவனத்திடம் அன்றே எழுத்தில் புகாராகப் போக வேண்டும். பதில் வரும்வரை தொடர்பாளர் போர்ட்டலை மூடிவைத்து, புகார்களைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.